கம்பளி இருந்தும் குளிர்

கும்பகோணம் என்றதும் சிலருக்கு வெற்றிலை ஞாபகத்துக்கு வரும். சிலருக்கு மகாமகக் குளம். பெரும்பாலோருக்கு டிகிரி காப்பி. காப்பிக்கும் பட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது பற்றி அறிந்தவர்கள் பலவிதமாக அபிப்பிராயம் சொல்லுகிறார்கள். அந்த விவகாரத்தில் நாம் தலையிடப் போவதில்லை. ஆனால் ஒரு விஷயம் மட்டும் நம் மனத்தை உறுத்துவதுண்டு. காப்பிக்குக் கூட டிகிரி கொடுத்த அந்த ஊர், தன் மடியில் வளர்ந்த ஸ்ரீநிவாஸ ராமானுஜனுக்கு ஒரு டிகிரி கொடுக்கவில்லை.

கதை நேயர்கள் அறிந்ததுதான். 1904-ஆம் வருஷத்தில் டவுன் ஹைஸ்கூல் படிப்பை முடித்து, உபகாரச் சம்பளத்துடன் கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் சேர்ந்தார் ராமானுஜன். கணிதத்தைத் தவிர வேறு எதிலும் அவர் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உபகாரச் சம்பளம் நின்றது. பிறகு சென்னை பச்சையப்பன் கலாசாலையில் படித்து எப். ஏ. பரீட்சைக்குப் போனார், அதிலும் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி என்னும் கணித மேதைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதற்கப்பால் நடந்தது சரித்திரம்.

நாம் எழுத வந்தது கணிதத்தைப் பற்றி அல்ல. காவேரிக் கரைப் பிள்ளை ஒருவர் ஐந்து வருஷ காலம் அந்நிய தேசத்துச் சர்வகலாசாலை ஒன்றில் விருந்தாளியாக இருந்தார். அந்த விருந்து எவ்வாறு நடந்தது, அதிலிருந்து இன்று நாம் தெரிந்து கொள்ள வேண்டியது என்ன என்பதைச் சற்றே யோசித்துப் பார்க்க விரும்புகிறோம்.

முதலில் அவர்கள் செய்த நல்லதைச் சொல்லிவிட வேண்டும். பரீட்சையில் தேறாதவர் என்று கேம்பிரிட்ஜ் கதவைச் சாத்தவில்லை. 1914-ன் தொடக்கத்தில் பிரசங்கம் செய்வதற்காகச் சென்னைக்கு வந்த நெவில் என்னும் கணிதாசிரியர், ராமானுஜனை நேரில் கண்டு பேசி, சீமைப் பிரயாணத்துக்கு இணங்கச் செய்தார். சென்னைச் சர்வகலாசாலை வருஷத்துக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தது. அதில் 50 பவுன் ஊரிலிருந்த குடும்பத்துக்குப் போயிற்று. டிரினிடி கலாசாலை தன் பங்குக்கு 60 பவுன் கொடுத்தது. 1914 மார்ச் 17-ந் தேதி கப்பலேறிய ராமானுஜன், ஏப்ரல் 14-ந் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தபோது, அவரை எதிர்கொண்டழைக்க நெவில் துறைமுகத்தில் காத்திருந்தார். கேம்பிரிட்ஜில் முதல் சில வாரங்கள் அவர் நெவிலின் வீட்டிலேயே தங்கினார். நம் ஊரில் எப். ஏ. தேறாதவருக்கு 1916-ல் அவருடைய ஆராய்ச்சியைக் கண்டு பி. ஏ. பட்டமும் கிடைத்தது. விதியைத் தளர்த்த வேண்டிய இடத்தில் தளர்த்துவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

ஆனால் கலாசாலையின் கண்ணுக்குத் தப்பிய விஷயம் ஒன்று உண்டு. அதைக் கண்டவர் ஓர் இந்திய மாணவர்.

பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஸ்தாபித்த பிரசாந்த சந்திர மகாலனோபிஸ் அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக் கொண்டிருந்தார். ஒரு நாள் ராமானுஜனைப் பார்க்கப் போனபோது, இரவில் குளிர் தாங்கவில்லை என்றார் ராமானுஜன். மேலங்கியை அணிந்து, சால்வையைப் போர்த்திக் கொண்டு படுப்பதாகச் சொன்னார். மகாலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் இருக்கத்தான் செய்தன. ஆங்கிலேயர் வழக்கப்படி அவற்றை விரித்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் மடித்துச் செருகி, மேலே ஒரு விரிப்பையும் போட்டு வைத்திருந்தார்கள். அவற்றுக்குள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. விரிப்பின் மேலேயே படுத்துக் குளிரில் நடுங்கிக் கொண்டிருந்தார். கம்பளியை விலக்கிக் காட்டி, எப்படிப் படுப்பது என்று மகாலனோபிஸ் சொல்லிக் கொடுத்தார்.

இந்தச் சம்பவத்தைப் படித்தவர்கள் மேதைகளின் உலக ஞானத்தை எண்ணிச் சிரிப்பதுண்டு. நமக்கு என்னவோ சிரிப்பு வருவதில்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் பாயை விரித்துத் தலையணையைப் போட்டுப் படுத்துப் பழகிய ஒருவருக்கு, கட்டிலோடு சேர்த்துக் கட்டின மாதிரி இருக்கும் படுக்கையைப் பிரித்துக் கொண்டு உள்ளே போக வேண்டும் என்று எப்படித் தெரியும்? யாரைக் கேட்பது? கேட்டால் நகைப்பார்களோ என்ற கூச்சம் வேறு.

இதற்குள் யுத்தம் மூண்டுவிட்டது. காய்கறிகள் அருமையாகிவிட்டன. சைவ ஆகாரத்தை விடாத ராமானுஜன் பொது போஜன சாலைக்குப் போகாமல், அறையிலேயே தாமாகச் சமைத்து, வேளை தப்பிய வேளையில் சாப்பிட்டார். கூட இருந்தவர்களில் பலர் யுத்தத்துக்குப் போய்விட்டார்கள். 1917-ல் நோயில் விழுந்தார். ஆஸ்பத்திரியும் ஆரோக்கிய சாலையுமாகக் காலம் கழிந்தது. அதே வருஷம் டிரினிடியில் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கும் பிரேரணை தோற்றது. தோல்விக்குத் தோலின் நிறமும் ஒரு காரணமாக இருந்ததென்று அவருடைய சகாவான லிட்டில்வுட் பின்னர் எழுதி வைத்திருக்கிறார். 1918-ன் ஆரம்பத்தில், மனமுடைந்து லண்டன் சுரங்க ரயில் பாதையில் விழுந்தார் ராமானுஜன். வண்டி சில அடி தூரத்தில் நின்றதால் உயிர் பிழைத்தார். ஹார்டி ஓடி வந்து அவரைப் போலீஸாரிடமிருந்து மீட்டார். அதே வருஷம் ராயல் சொஸைடி அவரைத் தன் உறுப்பினராக்கிற்று. அக்டோபரில் டிரினிடியும் தேர்ந்தெடுத்தது. 1919-ல் தாய்நாடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி, 32-ஆம் வயதில் காலமானார்.

அவருடைய நோய் காசம் என்றே அப்போது கருதினார்கள். பிற்காலத்தில் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்த ஒரு வைத்தியர், அது ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்றும், அக்காலத்திலேயே அதற்குச் சிகிச்சை இருந்தது என்றும் 1994-ல் எழுதினார். அது எப்படியானாலும் சரி. ஒரு சர்வகலாசாலை, மாணவனுடைய மூளையை உச்சி முகர்ந்து வரவேற்றது. அவனுடைய வயிற்றையும், உறக்கத்தையும், தனிமையையும் கவனிக்க ஆளில்லை. இதில் யாருடைய துர்க்குணமும் இல்லை. ஹார்டியைப் போன்ற சிநேகிதர் கிடைப்பது அரிது. ஆனாலும் கம்பளி இருப்பது வேறு. அதற்குள் படுக்கத் தெரிவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதரை ஏற்பாடு செய்வதுதான் விருந்தோம்பும் கலாசாலையின் கடமை.

இந்தப் பழைய கதையை இப்போது எதற்காகக் கிளற வேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இன்றைக்கு நாமும் அந்த ஸ்தானத்தில் இருக்கிறோம். மத்திய அரசாங்கத்தின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2021-22-ஆம் வருஷத்தில் 170 தேசங்களைச் சேர்ந்த 46,878 மாணவர்கள் இந்தியாவில் படித்தார்கள். அவர்களில் கால் பங்குக்கு மேற்பட்டவர்கள் நேபாளத்தார். ஆப்கானிஸ்தானம், அமெரிக்கா, வங்காள தேசம், பூட்டான் முதலிய தேசத்தாரும் உண்டு. நம் காவேரிப் பிரதேசத்திலும் சர்வகலாசாலைகளுக்குக் குறைவில்லை. 1929-ல் தோன்றிய அண்ணாமலைச் சர்வகலாசாலை சிதம்பரத்திலும், 1981-ல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் தஞ்சையிலும், 2009-ல் தோன்றிய மத்தியப் பல்கலைக்கழகம் திருவாரூரிலும் இருக்கின்றன; தனியார் கலாசாலைகள் வேறு. ஆகவே, வரவேற்கும் முறையை நாமும் கற்றுக் கொள்ளத்தான் வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்பு, கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வாலிபர் ஒருவர் நம்முடைய தெருவுக்கு அடுத்த தெருவில் நடமாடுவதைக் கண்டிருக்கிறோம். பக்கத்திலுள்ள ஒரு கலாசாலையின் ஹாஸ்டலில் தங்கிப் படித்து வந்தார். மரியாதை தெரிந்த பிள்ளை. நம்மைக் கண்டால் "வணக்கம் ஸார்" என்பார். தெருப் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து கொண்டு, தலைமயிரைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். அவரும் பொறுமையாகக் குனிந்து கொடுப்பார். பொங்கலுக்கு மறு நாள், மாட்டுப் பொங்கலன்று, கடைத்தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு ஹோட்டல் வாசலில் அவர் நிற்பதைப் பார்த்தோம். விசாரித்ததில், போகிக்கு முதல் நாளிலிருந்து ஹாஸ்டல் சமையலறை மூடியிருக்கிறது என்றும், நான்கு நாட்களாக ரொட்டியும் வாழைப்பழமும்தான் ஆகாரம் என்றும் சிரித்துக் கொண்டே சொன்னார். நம் வீட்டுக்கு அழைத்து வந்தோம். நம் மனையாள் இலை போட்டுப் பொங்கலும் குழம்பும் பரிமாறினாள். அவர் சாப்பிட்ட வேகத்தைக் கண்டு அவள் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக் கொண்டாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சொன்னதுதான் நமக்கு முக்கியமாகப் பட்டது. "பசியைப் பற்றி ஒன்றுமில்லை, ஸார். மூடப் போகிறார்கள் என்று தெரிந்திருந்தால் அரிசி வாங்கி வைத்திருப்பேன்" என்றார். அறிவிப்பு ஒட்டப்படாமலில்லை. ஒரு வாரத்துக்கு முன்பே சமையலறைப் பலகையில், அழகான கையெழுத்தில், தமிழில் ஒட்டியிருந்தார்கள்! கம்பளி கட்டிலில் இருந்தது போல, அறிவிப்பும் பலகையில் இருந்தது.

விருந்தோம்பலில் நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. பெருமைக்கு ஆதாரமும் இல்லாமலில்லை. 7-ஆம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் நாளந்தாவில் வந்து தங்கியபோது, தினந்தோறும் அவருக்கு மகாசாலி என்னும் உயர்ந்த அரிசியும், பாக்கும், ஜாதிக்காயும், கற்பூரமும் படியளந்தார்கள். இங்கே நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் கட்டின சூடாமணி விகாரத்துக்கு, சைவனான ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்னும் கிராமத்தின் வருமானத்தையே எழுதி வைத்தான். நம் பாட்டனார் காலத்தில் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் ஏழைப் பிள்ளைகள் வாரச் சாப்பாடு சாப்பிட்டுப் படித்தார்கள். திங்கட்கிழமைக்கு ஒரு வீடு, செவ்வாய்க்கிழமைக்கு ஒரு வீடு என்று ஏழு வீட்டு அடுப்பு ஒரு பிள்ளையைப் படிக்க வைத்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமானால், அந்த ஏழு வாசல்களும் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறக்கவில்லை. ஜாதி பார்த்துத்தான் இலை விழுந்தது. ஆகையால் பழம்பெருமையை அப்படியே எடுத்து வந்து பயனில்லை. அதன் நல்ல பகுதியை மட்டும் பொறுக்கி எடுத்து, எல்லோருக்கும் பொதுவாக்க வேண்டும்.

கலாசாலைகள் செய்ய வேண்டியது என்ன? பெரிய காரியங்கள் ஒன்றுமில்லை.

முதலாவது, மாணவன் கப்பலோ விமானமோ ஏறுவதற்கு முன்பே உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சம்பளம் எவ்வளவு, ஹாஸ்டலுக்கு எவ்வளவு, பரீட்சைக் கட்டணம் எவ்வளவு, பாடம் எந்த பாஷையில் நடக்கும், சாப்பாட்டில் என்ன கிடைக்கும், சித்திரை வெயில் எப்படியிருக்கும், இந்தப் பட்டம் அவனுடைய தேசத்தில் செல்லுமா என்பவற்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஏஜெண்டு சொன்ன வாக்குக்குக் கலாசாலை பொறுப்பல்ல என்று பிறகு கையை விரிப்பது தர்மமல்ல. அந்நிய மாணவரிடம் அதிகச் சம்பளம் வாங்குவதே அநியாயம் என்று நாம் சொல்லவில்லை. உள்ளூர்ப் பிள்ளையின் படிப்புக்கு அரசாங்கம் செலவிடுவது அவனுடைய பெற்றோர் கட்டும் வரியிலிருந்து. ஆனால் சொன்ன சம்பளம் சொன்னபடியே கடைசி வரையில் இருக்க வேண்டும். பாதிப் படிப்பில், திரும்பிப் போக முடியாத நிலையில் இருப்பவனிடம் தொகையை ஏற்றுவது, நட்டாற்றில் ஓடத்தை நிறுத்திக் கூலி பேசுவது போன்றது.

இரண்டாவது, காகித விஷயங்கள். 180 நாட்களுக்கு மேற்பட்ட மாணவ விஸாவில் வருகிறவர், வந்த 14 நாட்களுக்குள் அதிகாரிகளிடம் பதிவு செய்து கொள்ள வேண்டும். அதற்குக் கலாசாலையின் அத்தாட்சிக் கடிதம் அவசியம். உள்ளூர் மாணவனுக்குக் குமாஸ்தா ஒரு கடிதத்தைப் பத்து நாள் தாமதித்தால், அவன் பத்து நாள் அலைவான்; அவ்வளவுதான். அந்நிய மாணவனுக்கு அதே தாமதம் சட்டத்தை மீறிய குற்றமாக முடியலாம். மேலும் மாணவ விஸாவில் வந்தவர் இங்கே வேலை செய்து சம்பாதிக்கவும் முடியாது. ஊரிலிருந்து பணம் வரத் தாமதமானால் அவர் கதி என்ன? ஒரு மாதச் சாப்பாட்டுக்குக் கைமாற்றாகக் கொடுக்கச் சிறு நிதி ஒன்றை ஒவ்வொரு கலாசாலையும் வைத்திருப்பது பெரிய செலவாகாது.

மூன்றாவது, மகாலனோபிஸ். அதாவது, புதிதாக வருகிறவனுக்கு ஒரு துணை. அந்நிய மாணவர்களுக்கென்று தனிக் காரியாலயம் வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் வழிகாட்டியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் காரியாலயம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். குளிரும் காய்ச்சலும் இரவில்தான் வரும். மேல் வகுப்பு மாணவர் ஒருவரையும், ஓர் ஆசிரியர் குடும்பத்தையும் முதல் வருஷம் முழுவதும் அவனுக்குப் பொறுப்பாக்க வேண்டும். எந்த டாக்டரிடம் போவது, பஸ் எங்கே நிற்கும், எந்தக் கோவிலுக்குள் போகலாம், எந்தக் கேள்விக்குக் கோபித்துக் கொள்ள வேண்டியதில்லை என்பதை எந்தக் கைப்புத்தகமும் சொல்லாது. அறிவிப்புகளை ஆங்கிலத்திலும் ஒட்ட வேண்டும் என்று நாம் எழுத வேண்டியிருப்பதே வெட்கம்.

நான்காவது, நியாயம் கேட்க ஒரு வாசல். பரீட்சைத் தாளைத் திருத்துவதில் சலுகை வேண்டாம். இரக்கத்தால் கிடைத்த மார்க்கு யாருக்கும் பெருமை தராது. ஆனால் நிறத்தைச் சொல்லி ஏளனம் செய்தார்கள், வாடகை வீட்டில் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை, பாடம் சொல்லுகிறவர் பாதியைத் தமிழிலேயே நடத்திவிட்டார் என்று அவன் முறையிட்டால், "நீ வெளிதேசத்தான், விஸா ஜாக்கிரதை" என்ற பயமுறுத்தல் இல்லாமல் கேட்கிற ஒருவர் வேண்டும். டிரினிடியில் 1917-ல் நடந்த அநீதி 1918-ல் திருத்தப்பட்டதற்கு, உள்ளே இருந்த ஓரிருவர் விடாமல் வாதாடியதுதான் காரணம்.

இங்கே இன்னொரு வகைப் பிள்ளைகளையும் மறக்கக் கூடாது. 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து உயிருக்குத் தப்பி வந்த குடும்பங்களில் பல, நம் மாகாணத்து முகாம்களில் வசித்து வருகின்றன. அங்கே பிறந்து, நம் பள்ளிக்கூடங்களில் நம் பாஷையைப் படித்துத் தேறிய பிள்ளைகளில் பலர், காகிதத்தில் இன்றும் அந்நியர்களே. அவர்களுக்குக் கம்பளியும் தெரியும், கட்டிலும் தெரியும். படிவத்தில் 'தேசம்' என்ற கட்டத்துக்கு எதிரே என்ன எழுதுவது என்பதுதான் தெரியாது. டாலரில் சம்பளம் கட்டுகிறவரையும் இவர்களையும் ஒரே பத்தியில் எழுதும் கலாசாலை கணக்கை அறிந்திருக்கலாம், நீதியை அறிந்ததல்ல.

"நம் பிள்ளைகளுக்கே இடமில்லை, அந்நியருக்கு இவ்வளவு உபசாரம் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள். கேட்பது தவறல்ல. ஆனால் அவர்களுடைய இடம் நம் பிள்ளைகளின் இடத்தில் வெட்டி எடுத்ததல்ல. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் 25 சதவிகிதம் வரையில் அந்நிய மாணவருக்குக் கூடுதல் இடம் உண்டாக்கிக் கொள்ளலாம் என்றுதான் 2022-ல் விதி செய்திருக்கிறார்கள்.

அதைக் காட்டிலும் முக்கியமான பதில் ஒன்றுண்டு. அரசாங்கக் கணக்குப்படி 2024-ல் 13 லட்சத்துக்கு மேற்பட்ட இந்திய மாணவர்கள் வெளிதேசங்களில் இருந்தார்கள். 2022-ல் உக்ரேனில் யுத்தம் மூண்டபோது, ஏறக்குறைய 22,500 இந்தியர் அங்கிருந்து மீண்டு வந்தார்கள், பெரும்பாலோர் மாணவர்கள். எல்லையைத் தாண்டி வந்த அவர்களுக்கு வழியிலிருந்த ஊர்க்காரர்கள் ரொட்டியும் போர்வையும் கொடுத்த செய்தியை வாசித்து, நாம் எல்லோரும் கண் கலங்கினோம். நம்மிடம் படித்த பிள்ளைகளில் சிலர் இப்போது ஜெர்மனியிலும் கானடாவிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய தாயார்கள் கோவில் வாசலில் நம்மைக் கண்டால் கேட்பது ஒரே கேள்விதான்: "அங்கே அவனுக்கு யார் இருக்கிறார்கள், ஸார்?" இந்தக் கேள்வியை நைரோபியிலும் காத்மாண்டுவிலும் காபூலிலும் உள்ள தாயார்களும் நம்மைப் பார்த்துக் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். நாம் கொடுக்கிற பதிலில் நம் தேசத்தின் பெயர் அடங்கியிருக்கிறது. இங்கிருந்து திரும்பிப் போகிறவர் நாளை தம் நாட்டில் மந்திரியாகலாம்; வைத்தியராகலாம்; நம்மைப் போல் உபாத்தியாயராகவும் ஆகலாம். இந்தியா எப்படிப்பட்ட தேசம் என்று யாரேனும் கேட்டால், நம் கோபுரங்களைப் பற்றி அவர் சொல்லுவதை விட, நம் வீட்டுத் திண்ணைகளைப் பற்றிச் சொல்லுவது அதிகமாயிருக்கும்.

கும்பகோணம் ஸாரங்கபாணி சன்னிதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீட்டை, சாஸ்த்ரா சர்வகலாசாலை 2003-ல் வாங்கிப் பாதுகாத்து வருகிறது. 2005 முதல் வருஷந்தோறும் அவருடைய பிறந்த நாளை ஒட்டி இளம் கணித அறிஞர்களுக்கு அவர் பெயரால் பரிசும் வழங்குகிறார்கள். மேதையை இவ்வாறு போற்றுவது மிகவும் நல்லது. அதோடு, மேதையென்று இன்னும் யாருக்கும் தெரியாத பிள்ளைகளையும் கொஞ்சம் கவனிக்கலாம். மேதையாக ஆகாமலே போனாலும் அவர்களுக்குப் பசிக்கும், குளிரும்.

கலாசாலைகள் செய்வதைச் செய்யட்டும். அவை செய்கிற வரையில் நேயர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கலாசாலை உள்ள ஊர்களில் வசிக்கும் குடும்பத்தார், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே ஓர் அந்நிய மாணவரையோ மாணவியையோ சாப்பாட்டுக்கு அழைக்கலாம். விசேஷச் சமையல் வேண்டாம். காரத்தை மட்டும் சற்றுக் குறைத்துப் போடுங்கள். சாப்பிட்டானதும், "வேறு ஏதாவது தெரிய வேண்டியிருக்கிறதா, தம்பி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கக் கூசிக் கொண்டிருந்த ஏதோ ஒன்று வெளியே வரும். அநேகமாக அது மிகச் சிறிய விஷயமாயிருக்கும்.